சுருதி சேராத பதின்மூன்று கட்டைகள்

1927ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28ஆம் திகதி, வியாழக்கிழமை. காலை 5.15க்கு எழுந்தேன். மழை இல்லை, முற்றம் மட்டும் ஈரம். 5.35க்குப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி. 5.50க்குப் பெரிய பங்களாவின் குசினி வாசல் வழியாக உள்ளே போய், ஹார்ப்சிகோர்ட்டின் மேலிருந்த இரண்டு கம்பளிகளையும் மடித்து வைத்தேன். சுருதிக் கவையை, அந்த இரு கவட்டு இரும்பை, முழங்காலில் தட்டி, முதற் கம்பியைச் சேர்த்தேன். 6.35க்கு வேலை முடிந்தது. சமையற்கார அப்பு எடுத்து வைத்திருந்த சோற்றை வாங்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய்க் காக்கைகளுக்கு வைத்தேன். மூன்று இறகுகள் கிடைத்தன. இரண்டு தேறும், ஒன்று தேறாது. 6.50க்குக் கை கழுவினேன்.

இது என் நாட்குறிப்பில் உள்ளபடி. அன்று மாலை நான்கரை மணிக்கு என் பிழைப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்துவிட இருந்தது. குறிப்பைப் படிப்பவருக்கு அது தெரியாது. என் குறிப்புகள் அப்படித்தான். என் கலியாணத்தன்று கூட, காலையில் எத்தனை மணிக்குச் சவரம் செய்தேன் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. போன வருடம், ஐம்பத்திரண்டு வயதில், தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். போன மாதம் ஒரு வேலையாக ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனபோது, புதிதாக வந்திருக்கும் சின்னக் கிளாக்கர், வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்புக்கு வந்த வானொலிப் பெட்டியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். திருகைத் திருப்பினால் கச்சேரி வருகிறதாம். பேச்சு என் பக்கம் திரும்பியது.

"ஐயா, நீங்களும் முந்திக் கச்சேரி பண்ணுவீங்களாமே. என்னா வாத்தியம்?"

பெயரைச் சொன்னேன். திரும்பக் கேட்டார். சொன்னேன். மூன்றாவது தடவை மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "அதுல காக்கா எங்க வருது ஐயா? எல்லாரும் காக்கா, காக்கான்னு சொல்றாங்க" என்றார். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எழுதிவைத்துவிடுவது நல்லது என்று அப்போதுதான் தோன்றியது.

ஹார்ப்சிகோர்ட் என்பது பியானோவுக்கு மூத்த வாத்தியம். பார்வைக்குப் பியானோ போலவே இருக்கும். ஆனால் பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கும், இதில் இறகு சுண்டும். ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் மெல்லிய மரக்குச்சி ஒன்று நிற்கிறது. கட்டையை அழுத்தினால் குச்சி எழும்பும். குச்சியின் பக்கத்தில் செருகியிருக்கும் இறகு நாக்கு கம்பியைச் சுண்டிவிட்டுக் கீழே இறங்கும். எங்களிடம் இருந்ததில் அறுபத்தொரு கட்டைகள், கட்டைக்கு இரண்டு கம்பிகள், ஆக நூற்றிருபத்திரண்டு கம்பிகள், நூற்றிருபத்திரண்டு இறகுகள். சப்தம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, எனக்குக் கம்பி தருவித்துக் கொடுத்த இரத்தினபுரி முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் சொன்னதையே சொல்வேன். பங்களாவுக்கு வந்து ஒரு தடவை கேட்டார். "வடிவாத்தான் ஈக்கிது தம்பி. தகரத்துல சில்லறக் காசு கொட்டின மாதிரி ஈக்கிது" என்றார். அதைவிட நியாயமான விமர்சனம் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

எங்கள் தோட்டம் றக்வானைக்கு மேலே இருக்கிறது. அந்த மலையில், வருடத்தில் பாதி நாள் துணி காயாத இடத்தில், அப்படியொரு வாத்தியத்தைக் கொண்டுவந்து வைத்தவர் தோட்டத்துத் துரையின் மனைவி, பெரிய துரைசாணி. 1919இல் அது ஏழு பெட்டிகளில் வந்தது. இங்கிலாந்தில் அவர் மேடையில் வாசித்தவர். இங்கே வந்த இரண்டாம் வருடமே ஈரம் அவருடைய விரல் மூட்டுகளில் ஏறிவிட்டது. சுருதி சேர்க்கவாவது ஓர் ஆள் வேண்டும் என்று தேடினார். நான் அப்போது ஸ்டோரில் இரண்டாம் கிளாக்கர். மிஷன் பாடசாலையில் ஆர்மோனியம் வாசித்த பழக்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவர் என்னைத் தெரிந்தெடுத்தது அதற்காக அல்ல. கொழுந்துத் தராசை ஒரு நாளைக்கு மூன்று தரம் சரிபார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்று துரை சொல்லியிருக்கிறார். நான்கு வருடங்களில் சுருதி சேர்க்கிறவன் வாசிக்கிறவனானேன். அந்த நான்கு வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முதல் வருடம் தப்பாக வாசித்தேன். அடுத்த மூன்று வருடமும் எங்கே தப்பு என்று தெரிந்து வாசித்தேன்.

துரைசாணியின் முறையைச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஜன்னலோர நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். தப்பு வந்தால் இடது கையின் சுட்டுவிரலை மட்டும் உயர்த்துவார். நான் நிறுத்திவிட்டு, தப்பு எது என்று நானே சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் விரல் இறங்கும். சொல்லாவிட்டால் இறங்காது. ஒரு தடவை அது பதினோரு நிமிடம் இறங்கவில்லை. மூட்டு வலியோடு பதினோரு நிமிடம் ஒரு விரலை உயர்த்தி வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அவரிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. எழுதியிருப்பதை எழுதியபடி வாசி. வாசித்ததற்கு மன்னிப்புக் கேட்காதே. ஆட்கள் முன்னால் சுருதி சேர்க்காதே. மூன்றாவதற்கு விளக்கமும் உண்டு. "விருந்தாளிகள் வந்த பிறகு பாத்திரம் கழுவக்கூடாது."

இனி காக்கை. வாத்தியத்தோடு வந்த இறகுகள் முதல் மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடித்துப்போயின. இங்கிலாந்துக்கு எழுதினால் இறகு வர நான்கு மாதம். நம் அண்டங்காக்கையின் இறகு அதற்குச் சமம் என்று துரைசாணி கண்டுபிடித்தார். துரை உடனே துப்பாக்கியை எடுத்துவிட்டார். எத்தனை காக்கை வேண்டும் என்று கேட்டார். தோட்டத்தில் ஒரு காக்கையைச் சுட்டால் மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். "உயிரோடு இருக்கிற காக்கையிலிருந்து தானாக விழுந்த இறகுதான் நிற்கும், துரை" என்றேன். இந்த உத்தியோகத்தில் நான் சொன்ன முதற் பொய் அது. இரண்டாவது பின்னால் வரும்.

பொய்யைக் காப்பாற்றத் தினமும் சோறு வைக்கத் தொடங்கினேன். காக்கைகள் வந்து இறங்கும், சண்டை போடும், இறகு உதிர்க்கும். எல்லா இறகும் உதவாது. இறக்கையின் வெளி விளிம்பிலிருந்து எண்ணி முதல் ஏழு இறகுதான் தேறும். அதிலும் தண்டை அழுத்தினால் நகம் பதியக்கூடாது. தேறியதைக் கழுவி, ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் நாற்பது நாள் தொங்கவிட வேண்டும். பிறகு பேனாக்கத்தியால் தண்டின் முதுகை நாக்கு வடிவத்தில் சீவி, குச்சியின் துளையில் செருகி, நுனியை மயிரளவு மயிரளவாக வெட்டி, கம்பியைச் சுண்டும் பலம் பக்கத்து இறகோடு ஒத்துப்போகும் வரை கேட்டுக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். ஒன்றுக்கு இருபது நிமிடம். கடைசி வெட்டில் ஒரு மயிர் கூடினால் இறகு போய்விடும். நான் வெட்டிக் கெடுத்த இறகுகளைச் சேர்த்திருந்தால் ஒரு தலையணை தைத்திருக்கலாம்.

காலையில் சுருதி சேர்ப்பேன், முடிந்ததும் சோறு வைப்பேன். இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை. ஆகவே காக்கைகள் கணக்கு வைத்துக்கொண்டன. ஓரிரு வருடத்தில், முதற் கம்பியைச் சுண்டியதுமே கூரைத் தகரத்தில் நகங்கள் கீறும் சத்தம் கேட்கும். நான் முடிக்கும்வரை ஒன்றும் அசையாது. நேரத்துக்கு வந்து, கடைசிவரை இருந்து, நடுவில் எழுந்து போகாத சபை எனக்கு இது ஒன்றுதான் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

1924இல் என் அம்மா பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலமானார். அதற்குப் பிறகு லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஆட்கள் நான் காக்கைக்குச் சோறு வைப்பதைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. தாய்க்குத் தினமும் சோறு வைக்கும் மகன் என்று பேச்சு. பெரிய கங்காணி வீரமுத்து ஒருநாள் பெரட்டில் இளந்தாரிகளை வரிசையில் நிறுத்தி, "கிளாக்கரையாவப் பாருங்கடா. பெத்தவளுக்கு ஒருநா தவறாம வைக்கிறாரு. நீங்க வருசத்துக்கு ஒருநா வைக்கிறதுக்கே லீவு கேக்குறீங்க" என்று திட்டினார். நான் பக்கத்தில் பெயர்ப் புத்தகத்தோடு நின்றேன். இல்லை, அது இறகுக்காக என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல பெயர் சும்மா வரும்போது தடுப்பானேன்? உண்மை என்னவென்றால், தினமும் காக்கைக்கு வைக்கிறோமே என்ற எண்ணத்திலேயே அம்மாவுக்கென்று ஒரு கவளம் வைக்க மறந்துபோனேன். மூன்று ஆடி அமாவாசை அப்படிப் போயிற்று.

கச்சேரிகள் மொத்தம் பத்து. எல்லாம் துரைமாரின் கிளப்புகளில். எல்லாவற்றுக்கும் நான் போனது குசினி வழியாக. பலாங்கொடையில் நடந்த முதற் கச்சேரிக்கு, கிளப்பின் வருகைப் புத்தகத்தில் "வாத்தியம், ஒன்று. அதற்கான ஆள், ஒருவர்" என்று பதிந்திருந்தார்கள். துரையின் பழைய கறுப்புக் கோட்டை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு நான் மேடையோரம் நின்றபோது, பிந்தி வந்த ஒரு துரை தன் தொப்பியையும் குடையையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை. இரண்டையும் வாத்தியத்தின் மேல் வைத்துவிட்டு வாசித்தேன். யட்டியாந்தோட்டையில் இரண்டாம் உருப்படி தொடங்கியபோது தகரக் கூரையில் மழை பிடித்தது. ஹார்ப்சிகோர்ட் மழைக்கு எதிரே நிற்கிற வாத்தியம் அல்ல. எனக்கே கேட்கவில்லை. எழுதியிருப்பதை எழுதியபடி நாற்பது நிமிடம் வாசித்து, எழுந்து வணங்கினேன். சரியாக அப்போது மழை விட்டது. பலமான கைதட்டல். யாருக்கு என்று இன்றுவரை தெரியாது.

1927 ஜூன் மாதம் துரைசாணி என்னைக் கூப்பிட்டார். துரைக்கு வேலை முடிகிறது, ஒக்டோபரில் ஊருக்குக் கப்பல் ஏறுகிறார்கள். வாத்தியத்தைக் கொண்டுபோவதில்லை. கொழும்பில் சங்கீத சபை ஒன்றை நடத்தும் கனவான் ஒருவர் ஜூலை கடைசியில் வந்து கேட்பார். அவருக்குப் பிடித்தால் வாத்தியத்தைச் சபைக்குக் கொடுத்துவிடுவார். ஒரே நிபந்தனை, வாசிப்பவரையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

"கொழும்பில் முன்வாசல் வழியாகப் போவீர்" என்றார்.

"பிடிக்காவிட்டால்?"

"நீர் நல்ல கிளாக்கர். தராசு எங்கேயும் போகவில்லை."

எனக்கு நாற்பத்துமூன்று வயது. தராசு எங்கேயும் போகவில்லை என்பது எனக்கும் தெரியும்.

திரும்பவும் ஜூலை 28ஆம் திகதிக்கு வருகிறேன். கனவான் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. கச்சேரி பங்களாவின் முன் விறாந்தையில், வாத்தியத்தைக் காலையிலேயே அங்கே தூக்கி வைத்தாயிற்று. அந்த வாரம் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. மேல் ஸ்தாயிக் கோடியில், நான் மேற்கோடி என்று சொல்லும் பதின்மூன்று கட்டைகளின் கம்பிகள் துருப்பிடித்து அறுந்ததால், இருபத்தாறையும் புதிதாகப் போட்டிருந்தேன். புதுக் கம்பி இழுபடும். காலையில் சேர்த்தால் பத்து மணிக்கு இறங்கிவிடும். ஆகவே திட்டம் போட்டேன். 11.30க்குத் தொடங்கி எல்லாவற்றையும் இன்னொரு தரம் சேர்ப்பது, மேற்கோடியைக் கடைசியில் எடுப்பது, கம்பிக்கு ஒரு நிமிடமாக இருபத்தாறு நிமிடம், ஒரு மணிக்கு முடிப்பது, பிறகு கம்பளி போர்த்தி, பக்கத்தில் தணல் சட்டி வைத்து, நான்கரை வரை யாரையும் கிட்ட விடாதிருப்பது. பிறகு நேரமிராது என்று கறுப்புக் கோட்டையும் பதினொரு மணிக்கே போட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் கணக்கிட்டேன். அன்று ஆடி அமாவாசை என்பதைத் தவிர.

11.30க்கு முதற் கம்பியைச் சுண்டினேன். கூரையில் நகச் சத்தம். காலையில்தானே தின்றீர்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். வழக்கத்தைவிடச் சத்தம் அதிகம் என்பதைக் கவனித்தேன். காரணத்தைக் கவனிக்கவில்லை.

12.35க்கு விறாந்தையோரத்துக் குசினி வாசலில் யாரோ இருமினார்கள். பெரிய கங்காணி வீரமுத்து. நெற்றி நிறையத் திருநீறு, தலைப்பாகை கக்கத்தில்.

"கிளாக்கரையா, ஒரு வார்த்த."

"இப்ப முடியாது கங்காணி. அரை மணி கழிச்சு வாங்க."

"அரமணியா?" அவர் வாசலை விட்டு நகரவில்லை. "கீழ அறுபது வீட்டுல சோறு ஆறிக்கிட்டு கெடக்குதுங்க. எலையப் போட்டு, வச்சு, கூப்புட்டுத் தொண்ட கட்டிப்போச்சு. ஒரு காக்கா இல்ல. காக்கா எடுக்காம எப்புடிங்க நாங்க கைய வைக்கிறது? காலையிலருந்து ஒருத்தரும் பச்சத்தண்ணி குடிக்கல."

"காக்கா எங்க போச்சு?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேலே விரலைக் காட்டினார். நான் வெளியே வந்து பார்த்தேன். கூரை முகடு, குசினிப் புகைபோக்கி, கருவா மரம், கொடிக்கம்பி எல்லாம் கறுப்பு. தோட்டத்துக் காக்கை மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டத்தினதும் வந்திருக்கும் போல. ஒன்றும் கத்தவில்லை. எல்லாம் விறாந்தையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீங்க டிங்குன்னு ஒண்ணு தட்டுறீங்க, நாங்க கத்துற கத்தல் அதுக்குக் கேக்க மாட்டேங்குது" என்றார் கங்காணி.

"இருபத்தாறு நிமிஷம் கங்காணி. அது முடிஞ்சா..."

"தொரையா இருந்தா கேட்டிருக்க மாட்டேங்க. நீங்க நம்ம ஆளு. அதோட ஒங்களுக்குத் தெரியாததா? தெனமும் வைக்கிறவரு." சற்று நிறுத்தி, "அம்மாவுக்கு இன்னிக்கி வச்சிட்டீங்கதானே?" என்றார்.

நான் கையிலிருந்த, கம்பி முறுக்கும் சுருதிச் சாவியைத் துடைக்கத் தொடங்கினேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நான் தியாகம் செய்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சுருதி சேர்ப்பதை நிறுத்தினால் காக்கைகள் தாமாகவே லயத்துக்குப் போய்விடும், பத்து நிமிடத்தில் மீண்டும் தொடங்கலாம் என்பதுதான் என் யோசனை. நிறுத்தினேன். காக்கைகள் போகவில்லை. நிறுத்தினால் சோறு வரும் என்றல்லவா அவற்றைப் பழக்கியிருக்கிறேன்? முன்னைவிட ஆவலாக இன்னும் கிட்ட வந்து உட்கார்ந்தன. கங்காணி தலைப்பாகையை உதறி விரட்டினார். நான்கு காக்கைகள் எழும்பி அதே இடத்தில் இறங்கின.

அப்பு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாத்தயா, பாத்... சோறு எடுத்துக்கிட்டுப் போனா இதுங்களும் பின்னால வரும்தானே" என்றார். சிங்களமும் தமிழுமாக அவர் சொன்ன அந்த யோசனை எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

12.50க்குச் சோற்றுப் பானையைக் கையில் எடுத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டோடு, தேயிலைக்கு நடுவே படியிறங்கினேன். பங்களாவிலிருந்து லயம் வரை நானூற்றுப் பன்னிரண்டு படிகள். முன்னால் கங்காணி, பிறகு நான், மேலே காக்கைகள். ஒவ்வொரு வளைவிலும் சில என்னை முந்திப் போய்ச் செடியில் உட்கார்ந்து, பானை வருகிறதா என்று திரும்பிப் பார்த்தன.

கீழே எல்லா வாசலிலும் இலை. எல்லா வாசலிலும் ஆட்கள். நான் வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது. காக்கைகள் இறங்கின. ஒரே சமயத்தில் அறுபது வாசலில் சிறகடித்த சத்தம் எந்தக் கிளப்பிலும் நான் கேட்காத கைதட்டல். ஆண்களும் பெண்களுமாகச் சிலர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். என் கையில் பானை இருந்ததால் நல்லதாய்ப் போயிற்று. பதிலுக்குக் கூப்பியிருந்தால் அது பெரிய மோசடி.

திரும்பப் போகலாம் என்று பார்த்தால் விடவில்லை. கங்காணியின் மனைவி இலையைப் போட்டு வழியை மறித்துவிட்டார்.

"காக்காவக் கூட்டிக்கிட்டு வந்தவரு பட்டினியாப் போனா, எங்க மாமனாருக்கு வச்சது சேருங்களா?"

"நேரமில்ல தங்கச்சி. மேல கச்சேரி."

"கச்சேரி எங்கயும் ஓடிறாது. கோட்டக் கழட்டிட்டு ஒக்காருங்க, பருப்புச் சிந்தும்."

பின்னாலிருந்து ஒரு குரல், "கோட்டப் போட்டே ஒக்காரட்டும் அக்கா. காக்காவுக்கும் அவருக்கும் ஒரே கலருதானே" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்தவர்களின் சிரிப்பு, அதில் சேராமலிருக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, பாயாசம். அந்தச் சமயத்தில்கூட என் அம்மாவுக்கென்று ஓர் இலை கேட்கலாம் என்று தோன்றவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1.45க்கு எழுந்தேன். பாதிப் படியேறும்போது மழை பிடித்தது. படியோரத்தில் இருந்த ஒரு மரத்தடியில் நின்றேன். நனைந்த கோட்டோடு வாசிக்க முடியாது.

2.50க்கு விறாந்தைக்கு வந்தேன். அவசரத்தில் மூடியைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தேன். ஈரக்காற்று உள்ளே போய் நடுக்கட்டைகளும் கலைந்திருந்தன. அவற்றை முதலில் சரிசெய்தேன். கிட்டே வந்த காக்கைகளைச் சாக்கால் விரட்டினேன். 3.40க்கு மேற்கோடியின் முதற் கம்பியில் சாவியை வைத்தபோது வாசலில் மோட்டார் வண்டி. கனவான் இருபது நிமிடம் முந்தி வந்துவிட்டார். துரைசாணி என்னைப் பார்த்தார். சுட்டுவிரல் உயர்ந்தது. ஆட்கள் முன்னால் சுருதி சேர்க்கக்கூடாது. சாவியைப் பைக்குள் போட்டேன்.

நான்கரைக்குத் தொடங்கினேன். நாற்பத்தெட்டுக் கட்டைகள் ஒழுங்கு. பதின்மூன்று கட்டைகள் தொட்டால் நாய் குரைக்கும் நிலை. எனக்கு இரண்டு வழி இருந்தது. எழுதியபடி வாசித்து அந்தக் கட்டைகளைக் குரைக்க விடலாம். அல்லது மேலே போகிற இடங்களையெல்லாம் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசிக்கலாம். இரண்டாவதைச் செய்தேன். மூன்று உருப்படிகள், நாற்பத்தொரு இடங்கள். விரல்கள் மேலே ஓடிப்போய் விளிம்பில் நின்று திரும்பிவந்தன. எதிரே தேத்தண்ணீரோடு இருந்த பக்கத்துத் தோட்டத்துத் துரைமாருக்கு ஒன்றும் தெரியவில்லை. விறாந்தைக் கம்பியில் வயிறு நிறைந்த ஏழெட்டுக் காக்கைகள் வந்து மரியாதையாக உட்கார்ந்திருந்தன. என் வாழ்நாளில் நான் மிக நன்றாக வாசித்த நாற்பது நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் ஒரு தொல்லை. கனவான் மடியில் இசைப் புத்தகத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

முடிந்ததும் அவர் துரைசாணியிடம், நான் அங்கே நிற்கும்போதே, மேசையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்.

"வாத்தியம் முதல்தரம். எடுத்துக்கொள்கிறோம். ஆள் வேண்டாம். எழுதியவர் எழுதியதை இவர் திருத்துகிறார். எழுதியதை வாசிக்கிறவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்."

துரைசாணி நிபந்தனையை நினைவூட்டினார். ஆளையும் சேர்ப்பதானால் வாத்தியம் இந்த மலையிலேயே பூஞ்சணம் பிடிக்கட்டும் என்று கனவான் சிரித்தபடி சொன்னார். துரைசாணி எழுந்து வாத்தியத்தின் அருகே போனார். பிறகு மூடியைச் சாத்தி, பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தார். அதற்காக நான் அவரைக் குறை சொன்னதில்லை. நானாக இருந்தாலும் வாத்தியத்தைத்தான் காப்பாற்றியிருப்பேன்.

மோட்டார் வண்டி போன பிறகு நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"மேற்கோடி ஏன் சேர்க்கப்படவில்லை?"

"மழை, துரைசாணி." இது இரண்டாவது பொய்.

விரல் உயர்ந்தது.

"மழை இரண்டு மணிக்குப் பெய்தது" என்றார். "பன்னிரண்டு ஐம்பதுக்குக் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் பானையோடு தேயிலைக்குள் இறங்கிப் போனார். பின்னால் குறைந்தது இருநூறு காக்கை. நான் இந்த ஜன்னலில்தான் இருந்தேன்."

"ஆட்கள் சாப்பிடாமல் இருந்தார்கள், துரைசாணி. காக்கை எடுத்த பிறகுதான் அவர்கள் எடுப்பார்கள். காக்கை என்னிடம் இருந்தது."

"அதைக் கனவானிடம் சொல்லியிருக்கலாம்."

"வாசித்ததற்கு மன்னிப்புக் கேட்கக்கூடாது என்பது இரண்டாவது சட்டம்."

நாற்காலியின் முதுகு லேசாகக் குலுங்கியது. சிரித்தாரா என்று எழுத எனக்கு ஆதாரமில்லை. விரல் மெதுவாக இறங்கியது.

"நாற்பத்தொரு இடம்" என்றார். "நானும் எண்ணினேன். அழகாக இறக்கினீர். இனிமேல் அப்படிச் செய்யாதேயும்."

இனிமேல் என்று ஒன்று இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "சரி, துரைசாணி" என்றேன். சுருதிக் கவையைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். அது பெட்டியோடு சேர்ந்ததல்ல, வைத்துக்கொள்ளும் என்றார். நாளை காலை ஆறு மணிக்கு ஸ்டோரில் இருக்கும்படி துரை சொன்னதாகவும் சொன்னார்.

அன்றைய குறிப்பின் கடைசி வரி: "கச்சேரி 4.30 முதல் 5.10 வரை. ஆள் வேண்டாம் என்றார்கள். கோட்டில் பருப்புக் கறை."

மறுநாள் 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, 5.15க்கு எழுந்தேன். பங்களாவுக்குப் போக வேண்டியதில்லை. முதல் வேலையாக என் வீட்டிலேயே அரிசி கழுவி அடுப்பில் வைத்தேன். வெந்ததும் வாசலில் வாழையிலையைப் போட்டு, ஒரு கவளம் எடுத்து வைத்து, அம்மாவுக்கு என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒருநாள் பிந்தித்தான். மூன்று வருடமும் ஒருநாளும் பிந்தி என்பது சரியான கணக்கு. பிறகு எல்லோரையும் போலக் கா, கா என்று கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் காக்கையை வாயால் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. எதிரே மரத்தில் ஒன்பது காக்கைகள் இருந்தன. ஒன்றும் திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

கடைசியில் கவையை எடுத்து முழங்காலில் தட்டி, பானையின் அடியில் அழுத்திப் பிடித்தேன். பானை முதற் கம்பியின் சுருதியில் பாடியது. ஒன்பதும் இறங்கிவந்தன. முதலில் வந்தது அந்தக் கவளத்தை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போயிற்று. மற்றவை மிச்சத்துக்குச் சண்டை போட்டு, ஓர் இறகை உதிர்த்துவிட்டுப் போயின. எடுத்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து மூன்றாவது இறகு. தண்டில் நகம் பதியவில்லை. துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 5.50க்குத் தராசைச் சரிபார்க்க ஸ்டோருக்கு இறங்கினேன்.